புனேயில் உறைந்த புட்டி

டிசம்பர் கடைசியில் புனேயின் ஆய்வுக்கூடம் ஒன்றுக்குள் காலையில் முதல் ஆளாக நுழைபவர் ஒரு சின்ன வேடிக்கையைப் பார்க்கலாம். நேற்று மாலை வரை தண்ணீர்போல் தளும்பிய திரவம், பழுப்புக் கண்ணாடிப் புட்டிக்குள் கற்கண்டாக இறுகிக் கிடக்கும். கவிழ்த்தாலும் ஒரு சொட்டு இறங்காது. ஆராய்ச்சி மாணவர்களுக்கு இது பழகிய விஷயம். வெதுவெதுப்பான நீருள்ள முகவையில் புட்டியை இறக்கிவிட்டுத் தேநீர் குடிக்கப் போவார்கள். திரும்பி வரும்போது அது மறுபடியும் திரவமாகியிருக்கும்.

அந்தத் திரவத்தின் பெயர் டைமெத்தில் சல்ஃபாக்சைடு. ஆய்வுக்கூடத்தில் யாரும் முழுப்பெயர் சொல்வதில்லை, டிஎம்எஸ்ஓ என்றுதான் கேட்பார்கள். அது 18.5 டிகிரி செல்சியஸில் உறையும். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 560 மீட்டர் உயரத்தில், தக்காணப் பீடபூமியின் மேற்கு ஓரத்தில் இருக்கிறது புனே. மார்கழி இரவுகளில் அங்கே வெப்பநிலை 10 டிகிரியை ஒட்டி இறங்கிவிடும். சென்னை மாணவர் தன் படிப்புக்காலம் முழுவதும் இந்தத் திரவத்தைத் திரவமாக மட்டுமே பார்த்துவிட்டுப் போக வாய்ப்பு உண்டு. புனே மாணவருக்கு ஆண்டுதோறும் அது தன் இன்னொரு முகத்தைக் காட்டுகிறது.

உறைந்த புட்டியைக் கண்டு எரிச்சல்படுகிறவர்களிடம் ஒன்று சொல்ல விரும்புவேன்: அது நல்ல சரக்கு என்பதற்கு அதுவே அத்தாட்சி. டிஎம்எஸ்ஓ காற்றிலுள்ள ஈரத்தை ஆசையோடு உறிஞ்சும். நூற்றில் ஒரு பங்கு எடை நீர் ஏறினாலே உறைநிலை 2 டிகிரிக்குக் குறையாமல் இறங்கிவிடும். புனேயின் ஆடி மழையில் மூடி சரியாக இறுக்கப்படாமல் இருந்த புட்டி, டிசம்பர் வந்தாலும் திரவமாகவே நிற்கும். குளிர் வந்தும் உறையாத புட்டியைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

நீரின்மேல் இந்தத் திரவத்துக்கு ஏன் இத்தனை ஈர்ப்பு? இந்த அத்தியாயத்தில் இனி வரப்போகும் எல்லாவற்றுக்கும் அந்த ஒரு கேள்விக்கான விடையே திறவுகோல்.

மூலக்கூற்றின் வடிவத்தைப் பார்ப்போம். ஒரு முக்காலியை நினைத்துக்கொள்ளுங்கள். பலகையின் இடத்தில் கந்தக அணு. மூன்று கால்களில் ஒன்றின் நுனியில் ஆக்சிஜன், மற்ற இரண்டிலும் மெத்தில் தொகுதிகள். கந்தகத்திடமிருந்து எலக்ட்ரான்களை ஆக்சிஜன் தன் பக்கம் இழுத்துக்கொள்வதால் ஆக்சிஜன் முனை எதிர்மின் சாயல் பெறுகிறது, கந்தகம் நேர்மின் சாயல் பெறுகிறது. இந்த ஏற்றத்தாழ்வை அளக்கும் இருமுனைத் திருப்புத்திறன் நீருக்கு 1.85 டிபை, டிஎம்எஸ்ஓவுக்கு 3.96 டிபை. நீரைவிட இருமடங்குக்கும் மேல். அதனால்தான் இதை முனைவுள்ள கரைப்பான் என்கிறோம்.

ஆனால் நீரிடம் உள்ள ஒன்று இதனிடம் இல்லை. நீரில் ஹைட்ரஜன் நேரே ஆக்சிஜனோடு ஒட்டியிருக்கிறது. ஆகவே நீர் மூலக்கூறு தன் ஹைட்ரஜனை நீட்டி அடுத்தவரோடு பிணைப்பு ஏற்படுத்தும், தன் ஆக்சிஜனைக் காட்டி அடுத்தவரின் ஹைட்ரஜனை ஏற்கவும் செய்யும். நம் ஊர்ப்பக்கம் சம்பந்தம் பேசும்போது சொல்வார்களே, கொள்வினை கொடுப்பினை இரண்டும் உள்ள வீடு. டிஎம்எஸ்ஓவிலும் ஹைட்ரஜன்கள் உண்டு, ஆறு இருக்கின்றன. எல்லாமே கார்பனோடு கட்டுண்டவை, ஹைட்ரஜன் பிணைப்புக்கு முன்வராதவை. இந்த வீட்டில் கொள்வினை உண்டு, கொடுப்பினை கிடையாது. புரோட்டான் தராத கரைப்பான் என்று பாடநூல் சொல்வது இதைத்தான்.

இந்த ஒருதலைப் பழக்கத்தின் விளைவை முதலில் வேதிவினைகளில் பார்க்கலாம். சோடியம் அசைடு என்ற உப்பை மெத்தனாலில் கரைக்கிறோம். மெத்தனாலும் நீரைப்போல ஹைட்ரஜனைக் கொடுக்கக்கூடியது. எதிர்மின் கொண்ட அசைடு அயனியைச் சுற்றி மெத்தனால் மூலக்கூறுகள் தம் ஹைட்ரஜன்களை நீட்டி மொய்த்துக்கொள்கின்றன. போர்வைக்குள் சுருண்டவர் எழுந்து வேலைக்குப் போவதுபோல, அந்த அயனி ஒவ்வொரு முறையும் தன் போர்வையை விலக்கிக்கொண்டுதான் இன்னொரு மூலக்கூறைத் தாக்க முடியும். டிஎம்எஸ்ஓவில் நிலைமை வேறு. துருத்தி நிற்கும் ஆக்சிஜன் முனைகள் சோடியத்தை நன்றாகச் சூழ்ந்து பிடித்துக்கொள்கின்றன. அசைடைப் பிடிக்க வேண்டியது நேர்மின் சாயலுள்ள கந்தகம். அதுவோ இரண்டு மெத்தில் தொகுதிகளுக்குப் பின்னால் ஒதுங்கி நிற்கிறது, கிட்டே வர முடியாது. எதிரயனி போர்வையின்றி நிற்கிறது.

அசைடும் பியூட்டைல் புரோமைடும் வினைபுரியும் வேகத்தை மெத்தனாலில் 1 என்று வைத்துக்கொண்டால் டிஎம்எஸ்ஓவில் அது சுமார் 1300. மெத்தனாலில் 54 நாள் இழுக்கும் வேலை இங்கே ஒரு மணி நேரத்தில் முடியும் என்று பொருள். இதே குடும்பத்தைச் சேர்ந்த டைமெத்தில் ஃபார்மமைடில் 2800, அசிட்டோநைட்ரைலில் 5000, ஹெக்சாமெத்தில் பாஸ்பரமைடில் 2 லட்சம். கடைசியில் சொன்னது விலங்குகளில் புற்றுநோய் உண்டாக்குவது தெரிந்த பிறகு, அதைத் தொடவே பலர் தயங்குகிறார்கள். வினைபடுபொருள்களில் ஓர் அணுவைக்கூட மாற்றவில்லை, மாற்றியது அவை மிதக்கும் திரவத்தை மட்டும். பள்ளியில் கரைப்பானைச் சமன்பாட்டில் எழுதாமல் விட்டுவிடுகிறோம். அப்படி விடக் கூடாதென்று எனக்குத் தோன்றுவது இந்த எண்களால்தான். 1960களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவின் ஆலன் பார்க்கர் இந்தக் கரைப்பான்களைத் தனி வகுப்பாகப் பிரித்து விளக்கியதிலிருந்து, கரிம வேதியியலாளர்கள் எதைக் கொண்டு வினை நடத்துவது என்று யோசிக்கும்போதே எதில் நடத்துவது என்றும் யோசிக்கத் தொடங்கினார்கள்.

புனேயில் இதற்குப் பொருத்தமான ஒரு பெயர் உண்டு. நகரின் மேற்கே பாஷாண் பகுதியில், 1950 ஜனவரி 3 அன்று நேரு திறந்துவைத்த தேசிய வேதியியல் ஆய்வுக்கூடம் இருக்கிறது. அதன் முதல் இந்திய இயக்குநர் கே. வெங்கடராமன், 1901இல் சென்னையில் பிறந்தவர், 1957 முதல் 1966 வரை அதை நடத்தியவர். அதற்கும் வெகு முன்பே, லாகூரில் ஆசிரியராக இருந்தபோது அவர் செய்த ஆய்விலிருந்து பிறந்தது பேக்கர்–வெங்கடராமன் மறுசீரமைப்பு. காரம் ஒன்று மூலக்கூறின் ஓரிடத்திலிருந்து புரோட்டானைப் பறிக்கிறது. அங்கே பிறக்கும் எதிரயனி, அதே மூலக்கூறிலிருக்கும் பக்கத்து எஸ்டரைத் தாக்குகிறது. பூக்களுக்கும் இலைகளுக்கும் நிறம் தரும் ஃபிளேவோன் வகைச் சேர்மங்களுக்குப் போகும் வழி இது. தொடக்கத்தில் பொட்டாசியம் கார்பனேட்டையும் பென்சீனையும் வைத்துச் செய்த இந்த வினையை இன்று பலர் டிஎம்எஸ்ஓவில் செய்கிறார்கள். காரணத்தை நீங்களே இப்போது சொல்லிவிடலாம்.

பாஷாண் என்ற ஊர்ப்பெயர் தமிழர் காதில் வேறுவிதமாக விழும். மராத்தியில் அதற்குக் கல் என்றே பொருள். நம் சித்த மருத்துவத்தில் பாஷாணம் என்றால் நச்சுத்தன்மை கொண்ட கனிமச் சரக்கு. டிஎம்எஸ்ஓ தன்னளவில் பாஷாணம் அல்ல. எலிகளுக்கு வாய்வழி கொடுத்துப் பார்த்த கணக்கில் சாப்பாட்டு உப்பைவிடவும் அது நச்சுக் குறைந்தது. ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

இதை முதலில் தயாரித்தவர் ரஷ்யாவின் அலெக்சாண்டர் சேட்செஃப், 1866இல். மேல்நிலைப் பள்ளிப் பாடத்தில் வரும் சேட்செஃப் விதிக்குரியவர்தான். கிட்டத்தட்ட நூறு ஆண்டுகள் இது புத்தகத்தில் ஒரு வரியாகக் கிடந்தது. பின்னர் காகித ஆலைகள் இதைப் பெருமளவில் வெளியே கொண்டுவந்தன. மரச்சில்லுகளைக் கந்தகச் சேர்மங்களோடு வேகவைத்துக் கூழாக்கும்போது டைமெத்தில் சல்ஃபைடு என்ற நாற்றமடிக்கும் பொருள் கிடைக்கிறது. அதனோடு ஓர் ஆக்சிஜனைச் சேர்த்தால் டிஎம்எஸ்ஓ. ஆலைக் கழிவிலிருந்து மலிவாக வந்த இந்தக் கரைப்பான், பிறகு சென்ற இடந்தான் எதிர்பாராதது. அது உயிருள்ள செல்களுக்குள் போயிற்று.

செல்லை உறையவைத்தால் ஏன் சாகிறது? பனி ஊசிகள் குத்திக் கிழிப்பதால் என்று எல்லோரும் சொல்வோம். பாதிதான் சரி. மெதுவாகக் குளிர்வித்தால் பனி முதலில் செல்லுக்கு வெளியேதான் உண்டாகிறது. பனிப்படிகம் சுத்தமான நீரை மட்டும் சேர்த்துக்கொள்ளும், உப்பை உள்ளே விடாது. தூத்துக்குடி உப்பளத்தில் வெயில் நீரை எடுத்துப் போகப் போக மிச்சம் கரித்துக்கொண்டே போகிறதல்லவா, இங்கே அந்த வேலையைப் பனி செய்கிறது. வெளியே உப்பு அடர அடர, சவ்வூடு பரவலால் செல்லின் உள்நீர் வெளியே இழுபடுகிறது. செல் வற்றிச் சுருங்கி, அடர்ந்த உப்பில் கிடந்து சாகிறது. சரி, வேகமாகக் குளிர்வித்தால்? நீர் வெளியேற நேரமில்லாமல் செல்லுக்குள்ளேயே பனி கட்டிவிடும், அதுவும் சாவுதான். இரண்டு மரணங்களுக்கும் நடுவே குறுகிய ஒரு பாதை இருக்கிறது என்பதைப் பீட்டர் மேசர் 1970களின் தொடக்கத்தில் தெளிவாக வகுத்தார்.

அந்தப் பாதைக்கு முதல் வெளிச்சம் 1949இல் லண்டனில் தற்செயலாகக் கிடைத்தது. கிறிஸ்டபர் போல்ஜ், ஆட்ரி ஸ்மித், ஆலன் பார்க்ஸ் மூவரும் விந்தணுக்களைச் சர்க்கரைக் கரைசலில் உறையவைக்க முயன்று தோற்றுக்கொண்டிருந்தார்கள். சில மாதம் கழித்து, குளிரறையிலிருந்த பழைய புட்டியை எடுத்து மறுபடியும் செய்தபோது விந்தணுக்கள் பிழைத்தன. புட்டியைச் சோதித்தால் உள்ளே சர்க்கரையே இல்லை. இருந்தது கிளிசரால். பெயர்ச்சீட்டு மாறிய புட்டியிலிருந்து ஒரு துறையே பிறந்துவிட்டது.

அந்த மூவர் பணிபுரிந்த அதே ஆய்வு நிறுவனத்தில் இருந்தவர் ஜேம்ஸ் லவ்லாக். உப்பு அடர்வதே செல்லைக் கொல்கிறது என்று சிவப்பணுக்களை வைத்துக் காட்டியவர் அவர். கிளிசரால் உதவியது, ஆனால் சில செல்களுக்குள் அது மிக மெதுவாகத்தான் நுழைந்தது. பாதுகாக்க வேண்டிய பொருள் உள்ளேயும் இருந்தாக வேண்டும். இன்னும் விரைவாகச் சவ்வைத் தாண்டும் ஒன்றைத் தேடிய லவ்லாக்கும் அவர் கூட்டாளி பிஷப்பும் 1959இல் டிஎம்எஸ்ஓவைப் பற்றி நேச்சர் இதழில் எழுதினார்கள். சிவப்பணுக்களும் காளையின் விந்தணுக்களும் உறைந்து மீண்டன.

இங்கேதான் மூலக்கூறின் அந்தக் கொள்வினைக்குணம் மறுபடியும் வருகிறது. டிஎம்எஸ்ஓவின் ஆக்சிஜன், நீரின் ஹைட்ரஜனை இறுகப் பிடிக்கிறது. நீர் தன்னினத்தோடு கொள்ளும் பிணைப்பைவிட அது வலுவானது. இரண்டையும் கலக்கும்போது புட்டி சுடுவதற்கு அதுவே காரணம். பனிக்கட்டி உருவாக ஒவ்வொரு நீர் மூலக்கூறும் இரண்டு ஹைட்ரஜன் கொடுத்து இரண்டு வாங்கி நான்கு திசையிலும் கைகோக்க வேண்டும். திரும்பக் கொடுக்காத ஒருவர் இடையில் நுழைந்துவிட்டால் அந்த வலை அங்கேயே அறுந்துபோகிறது. 18.5 டிகிரியில் உறையும் ஒன்றையும் சுழியத்தில் உறையும் இன்னொன்றையும் தக்க விகிதத்தில் கலந்தால், கிடைக்கும் கலவை மைனஸ் 60 டிகிரியிலும் உறையாமல் நிற்கிறது. செல்லுக்குள்ளும் வெளியிலும் இந்தக் கலவை இருப்பதால் பனி தாமதமாகிறது, உப்பு அவ்வளவு அடர்வதில்லை, கடைசியில் எஞ்சும் நீர் படிகமாகாமல் கண்ணாடிபோல் இறுகிவிடுகிறது.

லவ்லாக்கைப் பற்றி இன்னொன்றும் சொல்லத்தான் வேண்டும். 1970களின் தொடக்கத்தில் கப்பலில் போய்க் கடல்நீரை அளந்த அவரும் கூட்டாளிகளும், கடல் உயிர்களிடமிருந்து டைமெத்தில் சல்ஃபைடு காற்றில் ஏறுகிறது என்று 1972இல் எழுதினார்கள். டிஎம்எஸ்ஓவின் தாய்ப்பொருள்தான் அது. அந்த வாயுவில் ஒரு பகுதி காற்றிலேயே ஆக்சிஜனேற்றம் பெற்று டிஎம்எஸ்ஓவாகி மழையோடு இறங்குகிறது. ஒரே மனிதர் ஒரே குடும்பத்து மூலக்கூறுகளைச் செல்லுக்குள்ளும் கடல்மேலும் சந்தித்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு குறைவதில்லை.

மறுபடியும் புனே. கணேஷ்கிந்த் சாலையில், சாவித்திரிபாய் புலே பல்கலைக்கழக வளாகத்துக்குள், தேசிய செல் அறிவியல் மையம் இருக்கிறது. 1986இல் விலங்குத் திசு, செல் வளர்ப்புக்கான தேசிய வசதியாகத் தொடங்கியது. நாட்டின் செல் களஞ்சியம் அதுதான். விதைநெல்லைக் குதிரில் போட்டுவைப்பதுபோல, மனித, விலங்குச் செல்வரிசைகளைத் திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரியில் வைத்து, கேட்கும் ஆய்வுக்கூடங்களுக்கு அனுப்புகிறார்கள். மதுரையிலோ குவாஹாட்டியிலோ ஒரு மாணவர் புற்றுநோய்ச் செல்லின்மேல் மூலிகைச் சாறு ஒன்றைச் சோதித்தால், அந்தச் செல்லின் முன்னோர் புனேயிலிருந்து கிளம்பியதாக இருக்கலாம்.

புனேயில் பிறந்த செல்களும் உண்டு. 1952இல் வைரஸ் ஆய்வு மையமாகத் தொடங்கி, பின்னர் தேசிய வைராலஜி நிறுவனம் என்று பெயர் பெற்ற இடத்தில், கே.ஆர்.பி. சிங் என்ற விஞ்ஞானி ஏடிஸ் கொசுக்களின் லார்வாக்களிலிருந்து செல்களைப் பிரித்துக் கண்ணாடிக் குடுவையில் வளர்த்தார். ஏடிஸ் ஈஜிப்டி, ஏடிஸ் அல்போபிக்டஸ் என்ற இரண்டு இனங்களிலிருந்தும் நிலையான செல்வரிசைகளை உருவாக்கி 1967இல் கரண்ட் சயின்ஸ் இதழில் வெளியிட்டார். அதில் அல்போபிக்டஸ் வரிசையிலிருந்து ஒரு கிளையை ஜப்பானின் அகிரா இகராஷி 1978இல் தேர்ந்தெடுத்தார். டெங்கு, சிக்குன்குனியா வைரஸ்கள் அதில் நன்றாகப் பெருகின. தன் கட்டுரைத் தலைப்பிலேயே அவற்றைச் சிங்கின் செல்கள் என்று குறிப்பிட்டார் இகராஷி. சி6/36 என்ற பெயரில் இன்று உலகெங்கும் டெங்கு ஆய்வுக்கூடங்களில் வளரும் செல் அதுதான். 28 டிகிரியில், கொசுவுக்கு இதமான சூட்டில், அதை வளர்க்கிறார்கள். அரை நூற்றாண்டுக்கு மேலாக அந்தக் கொசுவின் செல்கள் கண்டம் விட்டுக் கண்டம் சென்று பிரிந்து பெருக முடிந்ததென்றால், நடுநடுவே அவற்றை உறையவைத்து நிறுத்திவைக்க முடிந்ததும் ஒரு காரணம். சிங்கின் பெயரை நம் பாடநூல்களில் நான் பார்த்ததில்லை. இருந்திருக்க வேண்டும்.

சரி, பிறகு சொல்கிறேன் என்ற அந்த ஆபத்துக்கு வருவோம். செல் சவ்வை எளிதாகத் தாண்டும் பொருள், தோலைத் தாண்டாமல் இருக்குமா? கையில் சில சொட்டு பட்ட சில நிமிடங்களில் வாயில் பூண்டு வாசம் வரும். உடல் அதில் ஒரு பகுதியை டைமெத்தில் சல்ஃபைடாக மாற்றி மூச்சில் விடுகிறது. பூண்டு வாசத்தால் யாரும் நோயாளியாவதில்லை. ஆனால் அது தனியே போவதில்லை, தன்னில் கரைந்திருப்பதையும் உடன் கூட்டிக்கொண்டு போகக்கூடியது. ஆய்வுக்கூடத்தில் அதில் கரைத்துவைப்பது பெரும்பாலும் இன்னும் குணம் அறியப்படாத மருந்துச் சேர்மங்களை. பொத்தலான கையுறையோடு அந்தப் புட்டியைத் தொடும் பிள்ளைகளைக் கண்டால் எனக்குப் பதறுகிறது. 1960களில் ஓரிகானின் அறுவை மருத்துவர் ஸ்டான்லி ஜேக்கப், உறுப்புகளைப் பாதுகாக்கும் வழி தேடிப்போய் இந்தத் திரவத்தைச் சந்தித்து, வலிக்கும் வீக்கத்துக்கும் மருந்தென்று நம்பினார். அமெரிக்காவில் பெரிய பரபரப்பு எழுந்தது. சோதனை விலங்குகளின் கண் வில்லையில் மாற்றம் தெரிந்ததால் 1965இல் மனிதச் சோதனைகள் நிறுத்தப்பட்டன. 1978இல் சிறுநீர்ப்பை அழற்சி ஒன்றுக்கு மட்டும் அங்கே அனுமதி கிடைத்தது.

செல்களுக்கும் இதே எச்சரிக்கை உண்டு. குளிரில் காக்கும் டிஎம்எஸ்ஓ, சூட்டில் நீண்ட நேரம் இருந்தால் அவற்றை வருத்தும். ஆகவே எல்லாம் நேரக்கணக்கு. வளர்ப்பு ஊடகத்தில் நூற்றுக்குப் பத்துப் பங்கு டிஎம்எஸ்ஓவை முன்பே கலந்து, அந்தச் சூடு ஆறும்வரை காத்திருந்து, பிறகே செல்களோடு சேர்க்கிறார்கள். சின்னக் குப்பிகளில் ஊற்றி, நிமிடத்துக்கு ஒரு டிகிரி வீதம் இறங்கும்படி மைனஸ் 80 வரை குளிர்வித்து, திரவ நைட்ரஜனுக்கு மாற்றுகிறார்கள். அங்கே ஒரு வருடமும் இருபது வருடமும் ஒன்றுதான்.

எழுப்பும்போது மட்டும் அவசரம் வேண்டும். குப்பியை வெள்ளை ஆவி சுழலும் கலத்திலிருந்து எடுத்து, 37 டிகிரி நீரில் முக்கி மெல்ல ஆட்டுகிறார் மாணவி. ஒன்றிரண்டு நிமிடத்தில் உள்ளே கடுகளவு பனி மட்டும் மிஞ்சுகிறது. உடனே வெளியே எடுத்து, சாராயத்தால் துடைத்து, இளஞ்சூடான ஊடகத்தில் சொட்டுச் சொட்டாக இறக்குகிறார். மையவிலக்கியில் சுற்றியதும் செல்கள் அடியில் வெண்புள்ளியாக ஒதுங்குகின்றன. மேலே நிற்கும் நீரை, டிஎம்எஸ்ஓவோடு, ஊற்றிவிடுகிறார். புது ஊடகத்தில் செல்களைக் கலைத்துக் குடுவையில் விட்டு, அடைகாப்பானின் கதவைச் சாத்துகிறார். மறுநாள் காலை நுண்ணோக்கியில் பார்க்கும்போது, உருண்டையாகக் கிடந்த செல்களில் பல குடுவையின் தரையைப் பற்றிக்கொண்டு கால் நீட்டத் தொடங்கியிருக்கும். பக்கத்து அலமாரியில் டிசம்பர்க் குளிரில் மறுபடியும் உறைந்துபோன புட்டி, வெதுவெதுப்பான நீருக்காகக் காத்திருக்கும்.